மோட்டார் கொட்டகை வரைக்கும் ஒரு நடை

1. நிலைப்படியில் ஒட்டிக்கொண்டவர்

கரையாம்புத்தூரில் ஏழுமலையின் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போன அன்று அவர் என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தெருக்கதவின் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். ஸ்கூட்டியை நிறுத்தினேன், ஹெல்மெட்டைக் கழற்றினேன், பையை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் வந்தேன். மனிதர் வழிவிடவில்லை. வில்லியனூரிலிருந்து இவ்வளவு தூரம் வெயிலில் வந்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று எனக்குச் சுருக்கென்றது.

அவருக்குப் பின்னாலிருந்து மனைவி அஞ்சலை எட்டிப் பார்த்தார்.

"கோச்சிக்காதீங்க மேடம். அது ஒட்டிக்கினு நிக்குது. மனசு எப்பவோ வெளிய வந்துட்டுது, காலுதான் இன்னும் வரல."

அப்போதுதான் பாதங்களைப் பார்த்தேன். குதிகால் இரண்டும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தன. பாதம் மட்டும் தரையை விட்டு எழவில்லை.

இதை எங்கள் தொழிலில் ஃப்ரீஸிங் என்போம். பார்க்கின்சன் நோய் வந்தவர்களில் பலருக்கு வரும். காலில் பலம் இருக்கும், போகவேண்டும் என்ற எண்ணமும் இருக்கும், ஆனால் முதல் அடி மட்டும் கிளம்பாது. நிலைப்படி, இடுக்கு, திரும்ப வேண்டிய மூலை ஆகிய இடங்களில்தான் அதிகம் வரும். வீட்டார் இதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கத்துவார்கள். கத்தினால் இன்னும் இறுகும். புதிதாக வேலைக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்ற பிறகு இதை எழுதுகிறேன். பாகூர் பக்கமும் நெட்டப்பாக்கம் பக்கமும் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'எக்ஸசைஸ் மேடம்' என்றால் வழிகாட்டுவார்கள்.

அன்று குனிந்து, என் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தேன். "அண்ணே, என் காலத் தாண்டி வையுங்க" என்றேன். தாண்டினார். அடுத்த அடியும் வந்தது. வெளியே வந்து சேர்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உக்காருங்க மேடம், மோர் சாப்புட்றீங்களா?"

2. சின்னக் கால்

மாதாந்திரச் செக்கப்புக்கு அவரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது நானும் கூடப் போனேன். நரம்பியல் டாக்டர் சின்ன வயதுப் பெண். மாத்திரை அளவைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, நாங்கள் யாரும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"சின்ன வயசுல என்ன வேலை பாத்தீங்க?"

"பள்ளிக்கூடம் போனேன்."

"அஞ்சாவது வரைக்கும்" என்றார் அஞ்சலை.

"பள்ளிக்கூடத்துக்கு முன்னால? காலையில?"

ஏழுமலை கொஞ்சம் யோசித்தார். "தூள் தட்டுவேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. ஏழுமலை விளக்கினார். "மல்லாட்டக் கொல்லயில பூச்சி வுழுந்தா, பழைய வேட்டித் துணியில தூள் மருந்தக் கட்டி, ஒரு கொம்புல மாட்டிக்கினு, தட்டிக்கினே போவணும். பனி காயறதுக்குள்ள தட்டணும். ஈரத்துலதான் நல்லா ஒட்டும்."

"அத பெரியவங்க செய்யமாட்டாங்களா?"

"விழுது எறங்கற நேரம் மேடம். பெரியவங்க காலு பட்டா நசுங்கிப் பூடும். சின்ன காலுதான் செடி சந்துல போவும். எங்க தெருவுலயே என் காலுதான் சின்னது. என்னத்தான் மொதல்ல கூப்புடுவாங்க."

அதைச் சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது. ஆறு வயதில் தொடங்கியதாம். மல்லாட்டை என்றால் நிலக்கடலை; பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் விழுதுதான் கடலையாகும். அதை மிதிக்கக்கூடாது என்பதற்காக ஊரே குழந்தைகளின் பாதங்களைத் தேடியிருக்கிறது. பயிர் மேல் அவ்வளவு கரிசனம்.

"வூட்டுக்கு வரும்போது தலலேந்து காலு வரைக்கும் வெள்ளையா இருப்பேன். 'பவுடர் போட்ட மாப்ள வந்துட்டான்'னு எங்கம்மா சிரிக்கும். அப்படியே கூழக் குடிச்சிட்டு ஸ்கூலுக்குப் பூடுவேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "இதுனாலதான் உங்களுக்கு வந்துதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஒருத்தரக் காட்டி இதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது. வயசு, பரம்பரைன்னு பல விஷயம் சேர்ந்துதான் வருது. ஆனா பூச்சிமருந்து நிறைய பட்டவங்களுக்கு இந்த நோய் வர்ற வாய்ப்பு கூடுது. அதுலயும் மூளை வளர்ற வயசுல பட்டா, வயித்துல இருக்கும்போதே பட்டாகூட, ரொம்ப வருஷம் கழிச்சு அது தெரியலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க."

"ஆறு வயசுல பட்டது அறுவது வயசுலயா மேடம் வரும்?"

"வரலாம்."

ஏழுமலை குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். பிறகு, "யப்பா, எவ்ளோ பொறும அதுக்கு!" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர் குரல் அது.

எனக்கு அது புதிதல்ல. படித்த விஷயம்தான். நடுமூளையில் கருத்த திட்டு போல ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்குள்ள செல்கள்தான் நம் அசைவுக்கு வேண்டிய டோபமினைச் சுரக்கின்றன. அவை செத்தால் செத்ததுதான், இன்னொன்று முளைத்து வராது. ஒரு பகுதி போனாலும் மிச்சமிருப்பவை கூடுதலாக உழைத்து, ஒன்றுமே நடக்காதது போல் வருஷக்கணக்கில் சமாளிக்கும். வீட்டில் அரிசி குறைந்துகொண்டே வந்தாலும் வந்த விருந்தாளிக்குத் தெரியாமல் பரிமாறும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த மாதிரி. கை நடுங்க ஆரம்பிக்கும் நாளில் பானை ஏற்கெனவே பெருமளவு காலி. இந்த மனிதர் அறுவடை செய்தார், கல்யாணம் செய்தார், இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். அத்தனை காலமும் உள்ளே அந்தச் செல்கள் யாரிடமும் சொல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. பாடப்புத்தகத்தில் படித்தபோது எனக்கு இதெல்லாம் பரீட்சைக் கேள்வி. அன்று அந்த பெஞ்சில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, கும்பிடத் தோன்றியது.

3. பரணில் இருந்தது

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நோயாளியிடமும் முதலில் "என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?" என்று கேட்போம். ஒருவர் தானே கக்கூஸ் போகவேண்டும் என்பார். இன்னொருவர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்பார். அதை வைத்துத்தான் பயிற்சியைத் தொடங்குவோம். ஆஸ்பத்திரி போய்வந்த அடுத்த வாரம் ஏழுமலையிடம் கேட்டேன்.

"மோட்டார் கொட்டா வரைக்கும் தனியா நடக்கணும்."

வீட்டுக்குப் பின்னால் கொல்லை. கொல்லையின் அந்தக் கோடியில் மோட்டார் கொட்டகை. ஆரோக்கியமானவருக்கு ஒரு பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் போய்விடக்கூடிய தூரம்.

"அங்க என்ன வேலை அண்ணே?"

அவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். நடு அறையில் பரண். அதில் பூச்சிமருந்து பாட்டில்கள், பாதி மடித்துக் கட்டிய குருணை மருந்துப் பைகள், தெளிப்பான். கீழே கட்டில். கட்டிலில் மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்து படுத்திருந்தாள். குழந்தைக்கான தூளி அந்தப் பரணுக்கு நேர் கீழே, உத்தரத்தில் கட்டித் தயாராகத் தொங்கியது.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவர் மகன் சக்திவேலிடம், அதையெல்லாம் மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோ என்று சொல்லியிருக்கிறார். சக்திக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பயிர், மருந்து, தெளிப்பு எல்லாம் இப்போது அவன் பொறுப்பு. அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் இருக்கும்போதே மறுபடி பேச்சு வந்தது.

"கொட்டாயில வெச்சா எவனாவது எடுத்துக்கினு பூடுவான்பா" என்றான் சக்தி.

"பூட்டு போடு."

"இத்தினி வருஷமா இந்த வூட்லதான் இருக்குது. நாங்கல்லாம் நல்லாத்தான இருக்கோம்?"

"எனக்கு வந்தது வந்துட்டுது. பொறக்கப்போற புள்ளைக்கு வேணாம்டா."

"டாக்டரு ஆயிரம் சொல்லும். நீ நடயப் பாரு." பிறகு கொஞ்சம் எரிச்சலாக, "ஒண்ணு பண்ணு. யாரு கையயும் புடிக்காம கொட்டா வரைக்கும் நடந்து வந்து சொல்லு. அன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துடறேன்" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் அவனை நாலு அறை அறைந்திருப்பேன். நானே ஏறி அந்தப் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போயிருந்தால் பொழுது சாய்வதற்குள் அவை பரணுக்குத் திரும்பியிருக்கும். வீட்டுப் பழக்கத்தை வெளியாள் மாற்ற முடியாது.

ஏழுமலை என்னைப் பார்த்தார். "கேட்டீங்களா மேடம்? எழுதிக்குங்க. மோட்டார் கொட்டா."

4. பார் தாண்டிய அதிசயம்

சொல்வது சுலபம். மாத்திரை நன்றாகப் பிடிக்கும் நேரமாகப் பார்த்துப் பயிற்சி வைத்தேன். இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். வீட்டுக்குள் ஓரளவு வந்தது. வரப்பில் கால் வைத்ததும் நின்றுவிட்டது. வரப்பு குறுகலானது. குறுகிய இடம் என்றாலே அந்த நோய்க்குக் கொண்டாட்டம். கொல்லையில் பாதியைக்கூட நாங்கள் தாண்டவில்லை. செல்விக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் வரப்பில் வழக்கம்போல ஒட்டிக்கொண்டார். "போதும் அண்ணே, திரும்பிடலாம்" என்று அவரை மெல்லத் திருப்பினேன். பாதி திரும்பும்போது அவர் முகம் பக்கத்துக் கொல்லைப் பக்கம் இருந்தது. அங்கே சக்தி கரும்பு நடுவதற்காகப் பார் போட்டு வைத்திருந்தான். மேடும் பள்ளமுமாக, கோடு கிழித்ததுபோல, அந்தக் கோடி வரைக்கும் மண்வரிசைகள்.

ஏழுமலை அதைப் பார்த்தார். காலைத் தூக்கினார். வரப்பிலிருந்து இறங்கிவிட்டார்.

"அண்ணே, வேணாம், வுழுந்துடுவீங்க!"

"காலு போவுது மேடம்! காலு போவுது!"

ஒரு பாரைத் தாண்டினார். அடுத்ததைத் தாண்டினார். நிலைப்படியைக் கடக்க முடியாத மனிதர் மேடு பள்ளத்தில் வயசுப்பிள்ளை போல முழங்காலை உயர்த்தி உயர்த்திப் போகிறார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறேன். சேற்றில் என் செருப்பு ஒன்று மாட்டிக்கொண்டு கழன்றது. அதை விட்டுவிட்டு ஓடினேன். கரையில் நின்ற அஞ்சலை முதலில் "ஐயோ" என்றார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

ஏன் இப்படி என்று கேட்டால், ஓரளவுக்குப் பதில் உண்டு. நினைக்காமலே நடப்பதற்கு மூளையில் ஒரு வழி. அதுதான் இவருக்கு அடைபட்டது. கண்ணால் பார்த்துக் காலை வைப்பதற்கு வேறு வழி. குறுக்கே ஒரு கோடு இருந்தால், தாண்டு என்று கண் சொல்ல, மூளை அந்த இன்னொரு வழியாகக் காலைக் கிளப்பிவிடுகிறது. எங்கள் பாஷையில் விஷுவல் க்யூ. முதல் நாள் நான் என் காலைக் குறுக்கே வைத்ததும் அதற்காகத்தான். ஆனால் தெரிந்து வைத்திருப்பது வேறு. ஒரு கொல்லை முழுக்க மண்ணே கோடாகி ஒரு மனிதரை நடத்திக்கொண்டு போவதைப் பார்ப்பது வேறு. அத்தனை வருஷம் நடை சொல்லிக்கொடுத்தவள் நான். நடை என்பது எவ்வளவு பெரிய அதிசயம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. (இதைப் படித்துவிட்டு எல்லா நோயாளியையும் கரும்புக் கொல்லையில் இறக்கிவிடாதீர்கள். இடுப்பை முறித்துக்கொள்வார்கள், திட்டு எனக்கு வரும்.)

அதன்பின் வேலை எளிதானது. சுண்ணாம்பைக் கரைத்து, தெருவாசல், கொல்லைவாசல் இரண்டிலும் நிலைப்படிக்கு முன்னும் பின்னும் குறுக்குக் கோடு போட்டோம். அஞ்சலை கோலத்தை ஓரமாகத் தள்ளிப் போட்டார். "இன்னா கோலம் இது, ஏணி மாதிரி?" என்று தெருவில் போனவர்கள் கேட்டார்கள். "எங்க வூட்டுக்காரரு ஏறி வர்ற ஏணி" என்றார் அஞ்சலை. வரப்பையும் அகலப்படுத்தி, கோடு போட்டுக்கொண்டே போனோம்.

5. கொட்டகையில் கேட்ட கேள்வி

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்கு முதல் நாள் காலையில், "இன்னிக்குப் போலாம் மேடம்" என்றார் ஏழுமலை.

சக்தி மோட்டாரைப் போட்டுவிட்டுக் கொட்டகை வாசலில் நின்றான். அஞ்சலை அடுப்பில் வேலையாக இருந்தார். நான் துண்டைக்கூடப் பிடிக்கவில்லை, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பின்னால் போனேன். ஒவ்வொரு வெள்ளைக் கோட்டையும் அவர் பார்த்தார், தாண்டினார். நிலைப்படி போயிற்று. களம் போயிற்று. வரப்பு போயிற்று.

கொட்டகைக்குச் சற்று முன்னால் வாய்க்கால் வழிந்து கோடுகள் கரைந்திருந்தன. வெறும் சேறு. அங்கே நின்றுவிட்டார். குதிகால் துடிக்க ஆரம்பித்தது. யாருடைய கையையும் பிடிக்கக்கூடாது என்பது பேச்சு. நான் முன்னால் போவதா வேண்டாமா என்று தவிக்கும்போது சக்தி இறங்கி வந்தான். அப்பாவுக்கு எதிரே நின்று, தன் காலை அவர் பாதத்துக்கு முன் குறுக்கே வைத்தான்.

"தாண்டுப்பா."

அவர் தாண்டினார். அவன் பின்னால் நகர்ந்து மறுபடி குறுக்கே வைத்தான். அவர் மறுபடி தாண்டினார். கடைசி வரைக்கும் அப்படியே கொண்டுவந்து சேர்த்தான். அவனுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. நாங்கள் பயிற்சி செய்யும்போது எங்கோ நின்று பார்த்திருக்கிறான். அவன்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்தச் சேற்றிலேயே போய்விட்டது.

கொட்டகைத் திண்டில் ஏழுமலை உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. சக்தி, "சரிப்பா, ஜெயிச்சிட்ட. மதியானமே பரணக் காலி பண்ணிடறேன்" என்றான்.

ஏழுமலை மகனை நிமிர்ந்து பார்த்தார். வேறொன்றைக் கேட்டார்.

"சக்தி, உனக்கு வாசன தெரியுதா?"

"இன்னாபா கேக்கற?"

"மூக்குல வாசன தெரியுதாடா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பார்க்கின்சனில், கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே பலருக்கு மோப்பம் போய்விடும். ஏழுமலைக்கும் அப்படித்தான் போயிருந்தது. அஞ்சலை வைக்கும் குழம்பு தீய்ந்தாலும் அவருக்குத் தெரியாது என்று வீட்டில் கேலி பேசுவார்களாம். அது நோயின் முன்னறிகுறி என்று அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அவர் மறக்கவில்லை.

"உன்னயும் நான் எறக்கி வுட்டேன்டா" என்றார். "உனக்கும் சின்ன காலு. நீ அழுதுக்கினே தூள் தட்டின. நான்தான் வரப்புல நின்னு, போடா போடான்னேன். எங்கப்பன் எங்கிட்ட சொன்ன மாதிரியே சொன்னேன். அத வூட்ல வெச்சுக் கேக்க முடியல. உங்கம்மா தாங்க மாட்டா. அதுக்குத்தான் இங்க வரைக்கும் நடக்கக் கத்துக்கினேன். பரணு பேத்திக்கு. இது உனக்கு."

இத்தனை மாதமும் நடை சொல்லிக்கொடுத்த எனக்கு இது தெரியாது. எதற்கு நடக்கவேண்டும் என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் சொன்ன பதிலுக்குள் இன்னொரு பதில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடுங்கும் உடம்பைத் தூக்கிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக ஒரு மனிதர் மறுபடி நடக்கப் பழகியிருக்கிறார்.

சக்தி தலைகுனிந்தான். பிறகு மூக்கை நிமிர்த்திக் காற்றை இழுத்தான்.

"தெரியுதுப்பா. அம்மா கருவாட்டுக் கொழம்பு வெக்குது. இங்க வரைக்கும் வருது."

"நெசமாவா?"

"நெசமா. கத்திரிக்காகூடப் போட்டுருக்குது."

ஏழுமலை என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன். எனக்கும் அந்த வாசனை வந்தது. அவருக்கு மட்டும்தான் வரவில்லை. அந்த நோய் முகத்தையும் கட்டிப்போடும், சிரிப்பு வெளியே வராது. ஆனாலும் அன்று அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

6. இந்த வேலைக்கு வருபவர்களுக்கு

நோயாளியிடம் எங்கே நடக்கவேண்டும் என்று கேளுங்கள். எதற்கு என்றும் கேளுங்கள். அதோடு விடாமல், சின்ன வயதில் எங்கே நின்றார், எதைத் தொட்டார், எதை மூச்சில் இழுத்தார் என்றும் கேளுங்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேருடைய கதை அங்கேதான் தொடங்கும். மருந்தடிக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பரணையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

சக்திக்கு நாளைக்கு வருமா வராதா என்று யாராலும் சொல்ல முடியாது. மோப்பம் இருக்கிறது என்பதாலேயே தப்பித்தான் என்றும் ஆகாது. அதை அவனுக்கு நான் மறைக்கவில்லை. ஏழுமலைக்கு இப்போது நடை குறைந்துவிட்டது, பெரும்பாலும் கட்டிலோடுதான். பேத்தி அவர் மேல் ஏறி விளையாடுகிறாள்.

சக்தி எப்போதாவது எனக்கு போன் செய்வான். வேறு விஷயம் ஒன்றும் இருக்காது.

"மேடம், இன்னிக்கு வூட்ல மல்லாட்ட வறுத்தாங்க. வாசன வந்துது."

"சரிப்பா. அப்பாகிட்ட சொன்னியா?"

"தெனம் அவராண்டதான் மேடம் மொதல்ல சொல்லுவேன். சொன்னாத்தான் சாப்புடறாரு."